சந்தனம் காயாத தலைகள்

திருப்பதி ரயில் நிலையத்தில் ஆதரவில்லாமல் திரியும் பையன்களைக் கண்டுபிடிக்க சிவசங்கரன் ஒரு வழி வைத்திருந்தார். தலையைப் பார்ப்பார், அவ்வளவுதான். குடும்பத்தோடு மலையிலிருந்து இறங்குகிற பையனுக்கு மொட்டை போட்டிருக்கும், மொட்டைக்கு மேல் சந்தனம் பூசியிருக்கும். அவனுக்காக யாரோ நேர்ந்துகொண்டிருக்கிறார்கள், யாரோ மடியில் உட்காரவைத்து முடி இறக்கியிருக்கிறார்கள். எண்ணெய் காணாத பரட்டைத் தலையோடு, கையில் பிரசாதம் இல்லாமல், வண்டி வரும்போதும் போகும்போதும் அதே தூணருகில் நிற்கிற பையனுக்கு யாரும் இல்லை. அவனிடம்தான் போய்ப் பேசவேண்டும்.

முதல் நாள் பெயரைக் கேட்கமாட்டார். ஊரையும் கேட்கமாட்டார். "துன்னியா?" என்று மட்டும் கேட்பார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பையனே பின்னால் வருவான். நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் ஓர் ஓட்டு வீடு. வாசலில் 'சிறுவர் ஆதரவுச் சங்கம்' என்று பலகை. சமைப்பதும் எழுத்துச் சொல்லிக்கொடுப்பதும் வரலட்சுமி. செயலாளர் வக்கீல் நாகேந்திரன். அந்த வருஷம் பதினோரு பையன்கள் அங்கே இருந்தார்கள். மழை பொய்த்த ஊர்களிலிருந்து வந்தவர்கள், சிற்றன்னையிடம் அடிபட்டு ஓடிவந்தவர்கள், கூட்டத்தில் கைவிடப்பட்டவர்கள். சிவசங்கரன் முந்திக்கொள்ளாத பையன்களை வேறு ஆட்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். பம்பாய் ஓட்டல்களுக்கு, காலில் கட்டுப் போட்டுப் பிச்சைக்கு, இன்னும் வாயால் சொல்லாத சில காரியங்களுக்கு. மீண்டு வந்து ஒரு மாதம் ஆனபிறகும், கதவைச் சாத்தினால் தூங்காத பையன் ஒருவன் அந்த வீட்டில் இருந்தான்.

இதற்காக ரயில்வே அவருக்கு ஒரு பாஸ் கொடுத்திருந்தது. நடைமேடையில் எந்த நேரமும் நிற்கலாம். கூலிக்காரர்களும் ஜட்காக்காரர்களும் உதவட்டும் என்று தம் வழியை அவர் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தார். "மொட்டைய வுடு, முடியப் பாரு" என்பது நிலையத்து டீக்கடையில் பழமொழிபோல ஆகிவிட்டது.

"இன்னா சாரே, இன்னிக்கி எத்தினி முடி சிக்கிச்சி?" என்று கூலிக்காரர்கள் கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே விரலைக் காட்டுவார்.

1960ஆம் வருஷம், பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் காலை, ரேணிகுண்டா வண்டி புறப்பட இருந்தது. பொங்கல் கூட்டம் இன்னும் வடியவில்லை. தண்ணீர்க் குழாயருகே நாற்பது வயது ஆள் ஒருவர் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். மொட்டைத் தலை, சந்தனம், மேல்வரிசையில் ஒரு தங்கப் பல். பக்கத்தில் மூன்று பையன்கள். மூவருக்கும் மொட்டை, மூவர் தலையிலும் ஈரச் சந்தனம்.

"நல்ல தரிசனமா?" என்று சிவசங்கரன் கேட்டார். அந்த ஆளைச் சந்தேகித்துக் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது வாயில் வந்த கேள்வி.

"பெருமாள் புண்ணியத்துல ஆச்சி சார். மூணு பேருக்கும் அம்மை போட்டு எழுந்தானுங்க. அப்ப வேண்டிக்கினது."

"எந்த ஊரு?"

"நகரி பக்கம். ரெண்டு என்னுது, சின்னவன் தங்கச்சி புள்ள."

சின்னவனுக்குப் பத்துப் பதினோரு வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் ஓட்டைக் காலணா ஒன்று கோத்திருந்தது. அதைக் கடித்துக்கொண்டு சிவசங்கரனையே பார்த்தான். அவர் பையிலிருந்து ஒரு பிடி பொரியை எடுத்து நீட்டினார். பையன் முதலில் அந்த ஆளின் முகத்தைப் பார்த்தான். ஆள் தலையசைத்த பிறகுதான் கை நீட்டினான். பெரியவர்களைக் கேட்டு வாங்குகிற பையன், வளர்த்தவர்கள் நன்றாக வளர்த்திருக்கிறார்கள் என்று சிவசங்கரன் நினைத்துக்கொண்டார்.

வண்டியின் வாசலில் நெரிசல். அந்த ஆளும் பெரிய பையன்கள் இருவரும் எப்படியோ ஏறிவிட்டார்கள். சின்னவன் கூட்டத்தின் காலடியில் மாட்டிக்கொண்டான். "சார், கொஞ்சம் தூக்கி வுடுங்க" என்று அந்த ஆள் உள்ளேயிருந்து கூவினார். சிவசங்கரன் பையனின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, தலைகளுக்கு மேலாக உள்ளே விட்டார். வண்டி போய்விட்டது.

அன்று மத்தியானம் தூணருகே பரட்டைத் தலைப் பையன் ஒருவன் நின்றான். அவனிடம் "துன்னியா?" என்று கேட்டு அவர் வேலையைத் தொடர்ந்தார்.

எட்டு நாள் கழித்துச் செல்லியம்மா வந்தாள். பிச்சாட்டூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் கூலி வேலை செய்பவள், புருஷனை இழந்தவள். புத்தூர் வரை நடந்து, அங்கிருந்து ரயில் ஏறியிருந்தாள். சங்கத்து வீட்டில் பையன்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு கடைசிவரை போனாள். திரும்பி மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். பிறகு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"காணாம போன பசங்கள இங்க வெச்சிக்கினு கீறாங்கன்னு சொன்னாங்க," என்றாள்.

வரலட்சுமி தண்ணீர் கொடுத்தாள். "எப்பம்மா போனான்?"

"பொங்கலுக்கு மறாநாளு. எம் புள்ள ஏழுமலை. பொறந்தப்பவே வலிப்பு வந்து, பொழைச்சா மலைக்கி வந்து முடி குடுக்கறேன்னு வேண்டிக்கினேன். பதினோரு வருஷம் என்னால ஆவல. கத்திரி படாம வளத்தேன், பொட்டச்சி மாதிரி சடை போட்டு. ஊர்ல பசங்க பாவாடை கட்டிக்கோடான்னு கேலி பண்ணுவானுங்க. அந்த ஆளு வந்தாரு. எம் பசங்களுக்கு முடி எறக்கப் போறேன், உன் புள்ளையும் வரட்டுமே, மூணாம் நாளு கொண்ணாந்து வுடறேன்னாரு. வேண்டுதல் தீருதேன்னு அனுப்பிச்சேன் சாமி. காய்ச்சலாக் கீதுன்னு அவன் வரமாட்டேன்னான். நாந்தான் அடிச்சி அனுப்பிச்சேன்."

"அடையாளம் ஏதாச்சும்?" என்று சிவசங்கரன் கேட்டார்.

"கழுத்துல ஓட்டைக் காலணா கீது. வலிப்புக்குக் கட்டனது. எந்நேரமும் அதைக் கடிச்சிக்கினே இருப்பான்."

சிவசங்கரனுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. இன்னொன்றும் தெரிந்தது. மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி நிலையத்துக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் சந்தனம் காய்ந்து வெடித்து உதிர ஆரம்பித்துவிடும். அந்த மூன்று தலைகளிலும் சந்தனம் ஈரமாக இருந்தது. ஆயிரம் மொட்டைகளைப் பார்த்தவர் அதைப் பார்க்கவில்லை.

"பாக்கலாம்மா," என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் குளத்தங்கரை நாவிதர்களிடம் விசாரித்தார். ஒருவருக்கு நினைவிருந்தது. "தங்கப் பல்லுக்காரருதானே? சத்திரத்துக்குப் பின்னால உக்காந்து நாலு மொட்டை. மலைக்கிப் போவலியான்னு கேட்டேன். பஸ்ல எடம் இல்லப்பா, சாமி எங்கயும் கீறாருன்னாரு. சந்தனம் கடையில வாங்கியாந்து அவரே பூசினாரு."

மொட்டையை விடு, முடியைப் பார். டீக்கடையில் ஒரு டீ குடித்தவனுக்கே அவருடைய வழி தெரிந்திருக்கும்; அவர் கண்ணுக்குத் தப்ப மொட்டை போட்டால் போதும்.

மறுநாள் அவரும் செல்லியம்மாவும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். ரைட்டர் சிட்டிபாபு கெட்டவர் அல்ல. அவளை உட்காரச் சொன்னார். ஊரின் பெயரைக் கேட்டதும் பேனாவை மூடினார்.

"அது மெட்ராஸ் ஸ்டேட்டும்மா. எல்லை தீர்ப்புல உங்க ஊரு நம்ம பக்கம் வருது, நெசந்தான். ஆனா ஏப்ரல் ஒண்ணாந்தேதிதான். அது வரைக்கும் அங்க போயி குடுக்கணும்."

"அங்க போனேன் சாமி. உங்க ஊரு ஆந்திராவுக்குப் போவுது, காயிதம் எல்லாம் மூட்டை கட்டி வெச்சாச்சி, இனிமே புதுசா எதுவும் எழுத மாட்டோம்னாங்க."

"ஏஞ்செய்யமண்டாரு? என்னை என்ன செய்யச் சொல்றே? நீயே அனுப்பிச்சே. ஊர்லேர்ந்து போனான். ஊரு அவங்களுது."

"அப்ப எம் புள்ள யாருது?"

சிட்டிபாபு பேனாவை மேசைமேல் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரம்மா. பையன் இந்த ஊர்ல இருந்தான், அந்த ஆளோட ரயில் ஏறினான்னு கண்ணால பாத்தவன் ஒருத்தன் வந்து எழுதிக் குடுத்தா, அது நம்ம எல்லை. நான் கேசு கட்டறேன், இந்த மாதிரி பசங்கள இட்டுக்கினு போறது பம்பாய்க்குத்தான், அங்க எழுதறேன். நாவிதன் சொன்னது போதாது. அவனுக்கு பையன் பேரு தெரியாது, அடையாளம் தெரியாது. பாத்தவன் ஒருத்தன். ஒருத்தன் போதும்."

சிவசங்கரன் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தார். வாயைத் திறக்கவில்லை.

அன்றிரவு நாகேந்திரனிடம் போய்ச் சொன்னார். வக்கீல் முழுவதையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பாத்தேன்னு எழுதினா அடுத்த கேள்வி என்ன? பாத்துட்டு என்ன செஞ்சீர்?"

"தூக்கி வண்டிக்குள்ள வுட்டேன்."

"அதையும் எழுதுவீரா?"

"எழுதாம எப்படி?"

"எழுதும். அடுத்த வாரம் ரயில்வேக்காரன் கூப்பிடுவான். பசங்களைக் காப்பாத்தக் குடுத்த பாஸை வெச்சிக்கிட்டு பசங்களை ஏத்தி அனுப்பறீங்களான்னு கேப்பான். பாஸ் போச்சுன்னா சங்கம் போச்சு. உள்ள பதினோரு பேர் தூங்கறானுங்களே, அவனுங்களை எந்தத் தூணுகிட்டக் கொண்டுபோய் நிறுத்தறது?"

"அந்தப் பையன்?"

"அவன் நம்ம கையில இல்ல சிவசங்கரன். இவனுங்க இருக்கானுங்க." சற்றுப் பொறுத்து, "நான் வேண்டாம்னு சொல்லல. யோசிச்சுச் செய்யும்னு சொல்றேன்," என்றார்.

சிவசங்கரன் யோசித்தார். யோசித்தது ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளும் நடைமேடையில் மொட்டை போட்ட பையன்களை நிறுத்தினார். பெயர் கேட்டார், ஊர் கேட்டார், கூட வருவது யார் என்று கேட்டார். பெற்றவரைத் தனியாக, பிள்ளையைத் தனியாக. ஒரு தகப்பன் எல்லோர் முன்னாலும் அவர் கன்னத்தில் அறைந்தான்.

"எம் புள்ளைய நான் திருடிக்கினு போறனா? மொட்ட போட்டவன்லாம் திருடனாடா உனக்கு?"

கூலிக்காரர்கள் விலக்கிவிட்டார்கள். "இன்னா சாரே, கட்சி மாறிட்டீங்களா? முடிக் கட்சியில இருந்தீங்க, இப்ப மொட்டக் கட்சியா?" என்று ஒருவன் கேட்டான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். தங்கப் பல்லுக்காரன் திரும்ப வரவேயில்லை.

பத்தாம் நாள் காலை நிலையத்து வாசலில் செல்லியம்மா நின்றிருந்தாள். வருகிறவர் போகிறவர் ஒவ்வொருவரையும் மறித்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "பொங்கல் கழிச்சி மூணாம் நாளு இங்க இருந்தீங்களா சாமி? மூணு மொட்டப் பசங்களப் பாத்தீங்களா?" தரிசனத்துக்கு வந்த வெளியூர்க்காரர்கள் பைத்தியம் என்று நினைத்து ஒதுங்கினார்கள். ஒருவர் அவள் கையில் ஒரு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார். நான்கு நாளாக அங்கேயே நிற்கிறாள், வாசலிலேயே படுக்கிறாள் என்று டிக்கெட் பரிசோதகர் சொன்னார். பக்கவாசல் வழியாகவே போய்வந்துகொண்டிருந்த சிவசங்கரன் இதைக் கவனித்திருக்கவில்லை.

அவரைக் கண்டதும் கும்பிட்டாள். அவரிடம் அவள் கேட்க வந்தது அந்தக் கேள்வியை அல்ல. "ஐயா, ரைட்டரு ஒருத்தன் போதும்னாரே. இம்மாம் பேரு வந்து போற எடத்துல ஒருத்தன் கூடவா பாத்திருக்க மாட்டான்?"

"வா," என்றார் அவர்.

வாக்குமூலம் ஒரு பக்கத்துக்குமேல் வந்தது. அவர் தமிழில் சொல்ல, சிட்டிபாபு தெலுங்கில் எழுதினார். எழுதி முடித்ததும் சட்டப்படி உரக்கப் படித்தார். செல்லியம்மாவுக்குச் சந்தையில் பேசும் அளவுக்குத் தெலுங்கு தெரியும். காலணா என்ற சொல் வந்தபோது தலையை நிமிர்த்தினாள். பொரி கொடுத்தது வந்தது. 'பையனை நானே தூக்கி ரயில் பெட்டிக்குள் விட்டேன்' என்ற வரி வந்தது. ரைட்டர் படிப்பதை நிறுத்தி அவளைப் பார்த்தார்.

"நீயா?" என்றாள் அவள். அதுவரை ஐயா என்றுதான் அழைத்திருந்தாள்.

"நான்தான்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ காலணான்னு சொன்னப்ப."

அவள் எழுந்து வந்து அடிப்பாள் என்று சிட்டிபாபு நினைத்திருக்கவேண்டும், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். அவள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

"தூக்கினியே, ஒடம்பு சுட்டிச்சா? காய்ச்சலாத்தான் போனான்."

சிவசங்கரன் தம் இரண்டு கைகளையும் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. "தெரியலம்மா," என்றார்.

கேஸ் பதிவானது. பம்பாய்க்குக் கடிதம் போனது. வக்கீல் சொன்னபடியே மற்றதும் நடந்தது. ரயில்வே பாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டது. பலகையைக் கழற்றினார்கள். பதினோரு பையன்களில் நான்கு பேரை வரலட்சுமி தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். மூன்று பேரை நாகேந்திரன் தமக்குத் தெரிந்த இடங்களில் சேர்த்தார். மீதி நான்கு பேர் எங்கே போனார்கள் என்பது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கதவைச் சாத்தினால் தூங்காதவனும் அவர்களில் ஒருவன். சிவசங்கரன் புத்தூரில் ஓர் அரிசி மில்லில் குமாஸ்தாவானார்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி வந்தது. செல்லியம்மாவின் ஊர் ஆந்திராவுக்கு வந்தது. திருத்தணிப் பக்கத்து ஊர்கள் மெட்ராஸுக்குப் போயின. இரண்டு பக்கமும் கூட்டம் போட்டார்கள், சிலர் இனிப்புக் கொடுத்தார்கள், சிலர் கறுப்புக் கொடி பிடித்தார்கள். அவள் வாரம் ஒருமுறை சிட்டிபாபுவின் மேசைமுன் வந்து நின்றுவிட்டுப் போனாள். போகிற வழியில் மில்லுக்கும் வந்து வாசலில் நிற்பாள். சிவசங்கரன் வெளியே வந்து, "இன்னும் ஒண்ணும் இல்ல," என்பார். வேறு பேச்சு இருக்காது. அவரை அவள் மறுபடி ஐயா என்று அழைக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

மே மாதக் கடைசியில் தந்தி வந்தது. பம்பாயில் ஓர் ஓட்டலில் பையன் ஒருவன் கிடைத்தான், போலீஸ்காரர் ஒருவரோடு மெயிலில் அனுப்புகிறோம் என்று இருந்தது. பெயர் இல்லை.

ரேணிகுண்டா சந்திப்பில் மூவரும் காத்திருந்தார்கள். சிட்டிபாபு கேஸ் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சிவசங்கரன் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்திருந்தார். செல்லியம்மா தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தாள். கையில் ஒரு துணி மூட்டை.

"இன்னா கொண்ணாந்தே?" என்று சிட்டிபாபு கேட்டார்.

"கேவுரடை. சூட்டோட கட்டினேன். முருங்கக்கீரை போட்டா மூணு துன்னுவான்."

"ஒரு பையன்னுதான் போட்டுருக்கு. மூணு பேரு போனாங்க. அது தெரியுமில்ல?"

"தெரியும்," என்றாள். ஆனால் மூட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மெயில் வந்து நின்றது. மூன்றாம் வகுப்பிலிருந்து பம்பாய்ப் போலீஸ்காரர் இறங்கினார். பின்னால் ஒரு பையன். தலையில் ஒரு விரல்கடை முடி வளர்ந்திருந்தது. செல்லியம்மா நாலு எட்டு ஓடினாள். ஐந்தாவது எட்டில் நின்றாள்.

அவன் அந்த மூவரில் நடுப் பையன். பெயர் கன்னையா, வயது பன்னிரண்டு. சோடா உப்பிலேயே ஊறிய விரல்கள் வெளுத்துத் தோலுரிந்திருந்தன. முழங்கையில் தீக்காயம் ஆறிக்கொண்டிருந்தது. சிவசங்கரனைக் கண்டதும் போலீஸ்காரருக்குப் பின்னால் போய் நின்றான்.

சிட்டிபாபு பெஞ்சில் காகிதத்தை விரித்துக்கொண்டு கேட்கத் தொடங்கினார். கன்னையா தரையைப் பார்த்துப் பதில் சொன்னான்.

"மூணு பேரும் ஒரே ஓட்டல்லதான் கிளாஸ் கழுவினோம். அடுப்புக்குப் பின்னாலயே தூங்குவோம். அப்பால பெரியவன தங்கப்பல்லு மாமா எங்கயோ கூட்டிக்கினு போயிட்டாரு. நானும் ஏழுமலையும் இருந்தோம். போலீஸ் வர்றதுக்கு ஒரு வாரம் முன்ன அவனையும் இட்டுக்கினு போனாங்க. கல்யாண்னு ஒரு ஊருன்னு சொன்னாங்க. அங்க ஒரு ஓட்டலாம்."

"ஒரு வாரமா? சரியா ஞாபகம் வெச்சிச் சொல்லு."

"திங்கக்கெழம போனான். அடுத்த திங்கக்கெழம போலீஸ் வந்திச்சி."

ஏழு நாள். சிவசங்கரன் யோசித்தது ஒன்பது. அதை அங்கே யாரும் சொல்லவில்லை. சிட்டிபாபு குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"இவரத் தெரியுதா?" என்று சிவசங்கரனைக் காட்டிக் கேட்டார்.

பையன் தலையாட்டினான். "முடி வெச்ச பசங்களப் புடிச்சிக்கினு போயி ஜெயில்ல போடற ஆளு. மாமா சொன்னாரு. அதுக்குத்தான் மொட்டன்னாரு. பொரி குடுத்தப்ப ஏழுமலை இவராண்ட சொல்லிடலாம், ஊருக்குப் போயிடலாம்னான். நாந்தான் அவன் கைய அமுக்கினேன்."

செல்லியம்மா அவனருகே போய்க் குந்தினாள். "நல்லாக் கீறானா?"

"கீறான்."

"காய்ச்சல்?"

"வண்டியில இருந்திச்சி. அப்பால வுட்ருச்சி."

"வலிப்பு?"

கன்னையா முழங்கைத் தீக்காயத்தின் ஓரத்தைச் சுரண்டினான். அவள் மறுபடி கேட்கவில்லை.

சிட்டிபாபு அவனுடைய ஊரைக் கேட்டார். திருத்தணிக்கு அந்தப் பக்கம். தாய் இல்லை. தகப்பன் இரண்டாம் தாரத்தோடு எங்கோ போய்விட்டான். பையன் திருப்பதிச் சத்திரங்களில் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தவன்.

"அப்ப இவன் மெட்ராஸ் கேசு," என்று சிட்டிபாபு பெருமூச்சு விட்டார். "அங்க ஒப்படைக்கணும். பதினெட்டு வயசு வரைக்கும் சீர்திருத்தப் பள்ளில அடைச்சி வெப்பாங்க."

"நான் கையெழுத்துப் போடறேன். நான் கூட்டிக்கினு போறேன்," என்றார் சிவசங்கரன்.

"எந்த ஹோதாவுல, சிவசங்கரன்காரு? சங்கம் இல்ல, பாஸ் இல்ல. கேசுல நீங்க சாட்சி. சாட்சி கையில பையனக் குடுத்தா என் வேலை போவும்." பையனும் ஓரடி பின்னால் நகர்ந்திருந்தான்.

பம்பாய்ப் போலீஸ்காரர் டீ குடிக்கப் போனார். அவர் போனதும் சிட்டிபாபு குரலை இறக்கினார். செல்லியம்மாவைப் பார்த்துச் சொன்னாலும் முகம் கேஸ் கட்டின் பக்கம் இருந்தது.

"ஒண்ணு சொல்றேம்மா. இந்தக் கட்டுல இருக்கறது ஒரு பையன். தந்தியில இருக்கறது ஒரு பையன். பேரு போடல. இவன்தான் எம் புள்ளைன்னு நீ கைநாட்டு வெச்சா, இப்பவே கூட்டிக்கினு போலாம். அவங்க பக்கம் அடைக்க மாட்டாங்க. உனக்கும் கஞ்சி ஊத்த ஒரு கை. நான் எதுவும் கேக்க மாட்டேன்."

கன்னையா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தையே பார்த்தான்.

"மாடு மேய்ப்பேன்," என்றான். "ஆடும் மேய்ப்பேன். நல்லா மேய்ப்பேன்."

செல்லியம்மா அவன் தலையில் கை வைத்தாள். அந்த ஒரு விரல்கடை முடியைத் தடவினாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. சிட்டிபாபு மைப்பெட்டியைத் திறந்தார்.

"இவன் எம் புள்ளன்னு வெச்சிட்டா, அப்பால ஏழுமலையத் தேடுவீங்களா?"

"கிடைச்சவன எப்படித் தேடறது? கட்டு மூடிடும்."

"கல்யாணுக்கு எழுத மாட்டீங்க."

"எழுத முடியாது."

அவள் கையை எடுத்தாள். "இவன் எம் புள்ள இல்ல," என்றாள். ரைட்டர் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னாள்.

அதையும் எழுதவேண்டியிருந்தது. 'காட்டப்பட்ட பையன் என் மகன் அல்ல' என்று தெலுங்கில் எழுதி, கீழே இடம் விட்டார். அவள் கட்டைவிரலை மையில் ஒற்றி அங்கே வைத்தாள். பிறகு மை படாமல் அந்தக் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, இடது கையாலும் பல்லாலும் மூட்டையை அவிழ்த்தாள்.

"துன்னு," என்றாள்.

கன்னையா வாங்கவில்லை. டீ குடித்துவிட்டு வந்த போலீஸ்காரர் அவன் தோளைப் பிடித்து மெட்ராஸ் வண்டி நிற்கும் பக்கம் திருப்பினார். பத்தடி போனபிறகு பையன் அவர் கையை உதறிக்கொண்டு ஓடிவந்தான், மூட்டையோடு பிடுங்கிக்கொண்டு ஓடினான். அவளைப் பார்க்கவில்லை.

சிட்டிபாபு கட்டை மடித்து நாடாவால் கட்டினார். "கல்யாணுக்கு நாளைக்கி எழுதறேம்மா."

"பேனாவ மூடாதீங்க," என்றாள் செல்லியம்மா. "இன்னிக்கே எழுதுங்க."

"இங்கயா? ஸ்டேஷனுக்குப் போயி, முத்திரை போட்டு..."

"நான் வரேன். நீங்க எழுதறத பாத்துட்டுப் போறேன்."

சிவசங்கரன் எழுந்தார். அவள் அவர் பக்கம் திரும்பி, "நீயும் வா," என்றாள். "மொட்டையோட அவன் மொகத்தப் பாத்தவன் இங்க நீதான். எப்படி இருந்தான்னு சொல்லி எழுதச் சொல்லு. எங் கண்ணுல இன்னும் சடையோடதான் நிக்கிறான்."